பதினொன்றாவது நொடிக்குப் பிறகு

போன செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிவிட்டு வந்து போனை எடுத்தேன். "இரண்டு வருடங்களுக்கு முன்பு, இதே வாரத்தில்" என்று மேலே எழுதி, பழைய படங்களைத் தானாகவே கோத்து, பின்னால் ஒரு புல்லாங்குழலையும் சேர்த்து அது ஓடவிட்டுக்கொண்டிருந்தது. முதலில் எங்கள் வேங்கிக்கால் வீட்டு மாடியிலிருந்து எடுத்த மலை. அப்புறம் என் மனைவி வெயிலில் பிழிந்து வைத்த வடகம். மூன்றாவதாக நீ.

புல்லாங்குழலுக்கு நடுவே நீ கையை நீட்டி ஒரு வயசான சாமியாரின் தொன்னையைப் பிடுங்குகிறாய். பிடுங்கி ரோட்டோரம் விசிறுகிறாய். அவருடைய இரண்டு கைகளும் ஏந்தியது ஏந்தியபடியே இருக்கின்றன. யாரோ ஒருவன் பக்கத்திலிருந்து கெக்கெக்கென்று சிரிக்கிறான். பதினொரு நொடி. அதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது, யாருடைய காதுகுத்துப் பந்தியிலோ எடுத்த வாழையிலை.

சிரித்தவன் நான்தான். எடுத்தவனும் நான்தான். இந்த வாரம்வரை நம் வகுப்புக் குரூப்பைத் தாண்டி வேறு யாரிடமும் நான் இதை ஒப்புக்கொண்டதில்லை. உன்னிடம்கூட வாய் திறந்து சொன்னதில்லை. நீ போய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. இந்த ஐந்து நாளில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். "இன்னாடா இவ்ளோ நீட்டம்" என்று கேட்பாய். கேட்டுக்கொள்.

அந்தக் குரூப்பை ஆரம்பித்தவனே நீதான் என்பதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம். ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் கட்டுப்போடுகிற வேலை பார்த்து ரிட்டயர் ஆன கையோடு, உன் மருமகன் ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். அதை நீ தெர்மாமீட்டரைப் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துத்தான் படிப்பாய். அந்தப் போனை வைத்துக்கொண்டு, பத்தாவது முடித்துத் திசைக்கு ஒன்றாகப் போய்விட்ட நம் வகுப்பை ஒவ்வொருவனாகத் தேடிப் பிடித்தாய். செத்துப்போய்விட்டான் என்று நாமெல்லாம் நம்பிக்கொண்டிருந்த ஒருத்தன் செங்கத்தில் மாவு மில் வைத்து நடத்திக்கொண்டிருந்தான். குரூப்பில் அவன் போட்ட முதல் செய்தியே "உயிரோடதான்டா இருக்கேன், பாவிங்களா" என்பதுதான். முப்பத்தி நாலு பேர் சேர்ந்தோம். காலையில் எழுந்தால் முப்பத்தி நாலு வணக்கம்.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை, அந்தக் குரூப் நல்லது செய்தது. துபாயில் இருந்தவனின் அப்பா இறந்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நீதான் போய் நின்றாய். பாடையில் வைத்ததிலிருந்து சுடுகாட்டு வாசல்வரை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாய், அவன் அங்கே அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டே பார்த்தான். "அப்பா மூஞ்சிய இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுடா பாய்" என்று அவன் கேட்டதும், நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு குனிந்ததும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. திரும்பி வரும்போது "கை மரத்துப்போச்சுடா, வண்டிய நீ ஓட்டு" என்றாய். உன் மொபெட்டை அன்றைக்குத்தான் நான் முதல்தடவை ஓட்டினேன்.

உன்னால் எங்களுக்கு வந்த தொல்லையும் கொஞ்சமில்லை. கிரிவலப் பாதையில் கிடக்கிற சாமியார்களுக்குக் காலையில் போய்க் கட்டுப்போடுவது என்று நீயே ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாய். அந்தப் புண்களைப் படமெடுத்து, நம்மோடு படித்து டாக்டரானவனிடம் யோசனை கேட்பதற்காகக் குரூப்பிலேயே போடுவாய். அதுவும் சரியாக எட்டரை மணிக்கு. தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு போனைத் திறந்தால் ஒரு குதிகால், சீழோடு. "டேய், துன்ற நேரத்துல வேணாம்டா" என்று ஆளாளுக்குக் கத்தினோம். "நீங்க துன்ற நேரம்தான் அவங்களுக்குக் கட்டு மாத்தற நேரம்" என்று நீ பதில் போட்டாய். கடைசியில் உனக்காகத் தனியாக ஒரு குரூப் ஆரம்பித்தோம். அதற்குப் பெயரே புண் குரூப். கிண்டலாக ஆரம்பித்ததுதான், ஆனால் அதன் வழியாகத்தான் உனக்கு மாதாமாதம் பஞ்சு வந்தது, மருந்து வந்தது, பழைய பருத்தி வேட்டிகள் மூட்டை மூட்டையாக வந்தன. மாவு மில்காரன் கொடுத்தனுப்பிய வேட்டியில் தவிடு இருந்தது என்று அவனை நீ ஒரு வாரம் திட்டினாய்.

அந்தச் சாமியார் அடி அண்ணாமலை தாண்டி ஒரு புளியமரத்தடியில் இருந்தார். ஆந்திரப் பக்கத்திலிருந்து எப்போதோ நடந்து வந்தவர், பெயரைக் கேட்டால் சிரிப்பார். வலது காலில் சர்க்கரைப் புண், பெருவிரலில் ஆரம்பித்து அடிப்பாதம்வரை. அவருக்கு நீ கட்டுப்போடுவதைப் பார்க்கவே நான் சில நாள் உன்னோடு வருவேன், அவ்வளவு வேடிக்கையாக இருக்கும்.

"இன்னிக்கு இன்னா துன்னீங்க சாமி?"

"ஏமீ லேது பாய். தண்ணிதான்."

"கையக் காட்டுங்க." நீ மோந்து பார்ப்பாய். "தண்ணி எப்போலேர்ந்து நெய் வாசன அடிக்குது?"

அவர் கையை இழுத்துக்கொண்டு குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். நீ திட்டுவாய், அவர் தெலுங்கில் திட்டுவார், அதற்கிடையில் பழைய கட்டு பிரிந்து புதுக் கட்டு ஏறிவிடும். மேலே காய்ந்துவிட்டது என்று நான் ஒருநாள் சொன்னதற்கு, "மேல பாக்காதடா, அமுக்கிப் பாரு" என்றாய். அமுக்கிக் காட்டினாய். நான் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

அந்த வீடியோ எடுத்த அன்று பௌர்ணமி, வெள்ளிக்கிழமையும்கூட. நீ ஜும்மா தொழுகை முடித்து நேராக வந்ததால் தலையில் தொப்பி இருந்தது. மற்ற நாளில் நீ தொப்பியோடு அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. மத்தியானத்திலிருந்தே பாதையில் கூட்டம் நெரிந்தது. வழியெல்லாம் வேன் நிறுத்தி அன்னதானம், புளிசாதம், மோர், சர்க்கரைப் பொங்கல். நாம் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே புளியமரத்துக்கு வந்தபோது, அவர் ஒரு தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கலை மடியில் மறைத்துக்கொண்டிருந்தார். உன்னைப் பார்த்ததும் அவசர அவசரமாக வாய்க்குக் கொண்டுபோனார். நான் போனை எடுத்துவிட்டேன். ஒரு கூத்து நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

நீ பிடுங்கினாய், எறிந்தாய், நான் சிரித்தேன். சிரிப்பில் போன் ஆடியது. நிறுத்தி, பையில் போட்டுக்கொண்டேன்.

பதினொன்றாவது நொடிக்குப் பிறகு நடந்ததை நான் எடுக்கவில்லை. நீ மொபெட்டின் பக்கப் பெட்டியைத் திறந்து, உன் மனைவி, நாங்கள் பாபி என்று கூப்பிடுகிறவர், கொடுத்தனுப்பிய டப்பாவை எடுத்து, இரண்டு கேழ்வரகு அடையும் கீரையும் அவர் கையில் வைத்தாய். அவர் முறைத்துக்கொண்டே தின்றார். நீ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் காலை உன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "அந்தக் காலு போச்சுன்னா கிரிவலம் எப்டி வருவீங்க? நான் தூக்கிக்கினு வரணுமா?" என்று கேட்டாய். அவர், "தூக்கு" என்றார். அப்போது நீ சிரித்தாய். நான் எடுத்திருக்க வேண்டியது அதைத்தான்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றபோது அதைக் குரூப்பில் போட்டேன். மேலே "பாருங்கடா, நம்ம பாய் சாமியார் வாயிலேர்ந்தே புடுங்கறான்" என்று எழுதினேன். முப்பத்தி நாலு பேருக்கும் உன்னைத் தெரியும், அந்தக் காலைத் தெரியும், அந்தப் புண்ணைத் தினமும் பார்த்தவர்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் பார்த்துவிட்டு, "என் தொப்ப இவ்ளோ பெருசாவா தெரியுது?" என்றாய். அந்தச் சிரிப்பை இன்னொருவரும் பார்க்கட்டுமே என்று நம்மில் ஒருவன் தன் காலனி குரூப்புக்கு அனுப்பினான். அவன் கெட்டவனில்லை. எனக்கு அவன் யாரென்று தெரியும், ஆனால் நான் போடாமல் இருந்திருந்தால் அவனிடம் அனுப்ப எதுவும் இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அது ஊரைச் சுற்றிவிட்டது. என் கிண்டல் வாக்கியம் போய், வேறு எவனோ சிவப்பு எழுத்தில் "அண்ணாமலையார் பிரசாதத்தைப் பிடுங்கி எறிபவன், இந்த முகத்தை மறக்காதீர்கள்" என்று எழுதியிருந்தான். உன் தொப்பியைச் சுற்றி ஒரு வட்டம். சாமியாரின் ஏந்திய கைகளை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, பின்னால் உடுக்கைச் சத்தம். சேலத்திலிருந்து வந்தது, கோயம்புத்தூரிலிருந்து வந்தது, கடைசியில் எங்கள் தெருப் பால்காரர் என்னிடமே காட்டினார். குரூப்பில் நான் போட்டதை உடனே அழித்தேன். அழித்துவிட்டால் இல்லாமல் போய்விடும் என்று அறுபது வயதில் நம்பினேன்.

திங்கள் காலை உன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் நடுவில் நின்றார். உன்னை வெளியே வரச்சொல்லி, கைகூப்பி மன்னிப்புக் கேட்கச் சொல்லி, அதையும் எடுத்தார்கள். நீ கேட்டாய். காரணத்தைச் சொல்ல வாயெடுத்தபோது, "அதெல்லாம் வாணாம் பாய், மன்னிப்பு மட்டும்" என்றான் ஒருத்தன், உன் பேரன் வயசு. கூட்டம் கலையும்போது அவர்களில் ஒருவன் சொன்னது எனக்குக் கேட்டது. "வீடியோ எடுத்தவன் நல்ல மனுசன்டா. அவன் இல்லன்னா இது வெளியவே வந்திருக்காது." உனக்கும் கேட்டிருக்கும். நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

உள்ளே வந்ததும் உன் மருமகன் குதித்தான். "எடுத்தது எவன் மாமா? பக்கத்துல ஒருத்தன் சிரிக்கிறான் பாருங்க. அவன் மட்டும் கைல கெடச்சா..." நான் அவனுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். போன் என் சட்டைப்பையில் இருந்தது. நீ என் பக்கம் திரும்பாமல், "கூட்டத்துல எவனோ எடுத்தான். ஆயிரம் பேரு போற ரோடு" என்றாய். சொல்லிவிட்டு என்னிடம், "டீ குடிச்சிட்டுப் போ" என்றாய். நான் குடித்துவிட்டுப் போனேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்த வாரம்தான் என் பெண்ணுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. வருங்காலச் சம்பந்தி அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, "உங்க ஊர்லயா இப்படி?" என்று கேட்டிருந்தார். நான் அரைமணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் என் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் என்று எழுதினேன், அழித்தேன். அந்தச் சாமியாருக்குச் சர்க்கரைப் புண் என்று எழுதினேன், அழித்தேன். கடைசியில் "கொடுமை" என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். யாருக்குக் கொடுமை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் நீ ஓர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, போட்டோவுக்கு மேடை ஏறாமலே போனாய். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

குரூப்பில் முதல் இரண்டு நாள் எல்லாரும் உன் பக்கம்தான். மூன்றாம் நாள் ஒருவன், "இருந்தாலும் பிரசாதத்த தூக்கிப் போட்டது தப்புதானே" என்றான். இன்னொருவன், "அன்னிக்குன்னு பாத்து தொப்பி எதுக்கு?" என்று கேட்டான். மாவு மில்காரன் கெட்ட வார்த்தையில் பதில் போட்டான். அப்புறம் தேர்தல் வந்தது, கோயில் வந்தது, மசூதி வந்தது, யார் தாத்தா யார் நிலத்தைப் பிடுங்கினார் என்பதுவரை வந்தது. அப்பாவின் முகத்தைக் கிட்டக் காட்டச் சொன்னானே துபாய்க்காரன், அவன் ஒரு நீளமான கட்டுரையை அனுப்பினான். உங்களை எல்லாம் எப்படி நம்புவது என்று அதில் கேட்டிருந்தது. அவன் எழுதியதில்லை, எங்கிருந்தோ வந்ததை அனுப்பினான். அனுப்புவதற்கு முன்னால் படித்தானா என்றுகூட எனக்குச் சந்தேகம்தான். அன்று மதியம் இரண்டேகாலுக்கு நீ வெளியேறியதாகச் சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே யாரோ பெட்ரோல் விலை பற்றி ஒரு ஜோக் போட்டிருந்தான்.

நீ அந்தப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டாய். பாபி அழுததனால் நிறுத்தினாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு மாதம் கழித்து நான் மட்டும் ஒருநாள் புளியமரத்துக்குப் போனேன். கட்டு கறுத்துப்போயிருந்தது, கிட்டே போக முடியாத நாற்றம். கையில் போன் இல்லாத மனிதர், எதுவும் தெரியாது அவருக்கு. "பாய் ஏன் வரல? பொங்கல் தின்னேன்னு கோவமா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். புரிந்துகொள்ள வெகுநேரம் பிடித்தது. புரிந்ததும் கம்பை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். "நான் வந்து சொல்றேன். பாய் தப்பு பண்ணலன்னு சொல்றேன். எங்க வந்து சொல்லணும்? யார்கிட்ட?"

என் பையில் அதே போன்தான் இருந்தது. எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தால், அவர் அங்கேயே உட்கார்ந்தபடி உலகத்துக்கே சொல்லியிருப்பார். என் குரல் கேட்கும், இவன்தானே சிரித்தவன் என்று யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று பயந்தேன். பெண் கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. "நீங்க உக்காருங்க சாமி, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் டாக்டருக்குச் சொல்லி ஆள் அனுப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரை யாரோ ஆந்திரப் பக்கம் ரயில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள். இருக்கிறாரா இல்லையா தெரியவில்லை. இதை உன்னிடம் மறைத்தேன். நீ கேட்டபோது, "நல்லா இருக்காரு, யாரோ வந்து கட்டுப் போடறாங்க" என்றேன். நீ, "அமுக்கிப் பாக்கறாங்களா?" என்று கேட்டாய். பார்க்கிறார்கள் என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்டு உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். அவ்வளவுதான். நீ வெளியேறிய குரூப்பில் உன் படத்தைப் போட்டு மாலை போட்டார்கள், அழுகிற முகங்கள் வரிசையாக வந்தன, "மாமனிதன்" என்று எழுதினார்கள். துபாய்க்காரன் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தான், இது அவனே எழுதியது. கபர்ஸ்தானில் நானும் மூன்று பிடி மண் போட்டேன். உன் மருமகன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

இனி இந்த ஐந்து நாள் கதை. செவ்வாய்க்கிழமை அந்தப் புல்லாங்குழலைக் கேட்டுவிட்டு, குளிக்கக்கூடப் போகாமல் உட்கார்ந்து குரூப்பில் எழுதினேன். எடுத்தது நான், பாதியில் நிறுத்தியது நான், மீதியில் நடந்தது இது, அவன் உயிரோடு இருக்கும்போது இதை வெளியே சொல்லாதது என் கோழைத்தனம், உங்கள் எல்லாருடையதும்தான் என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் ஏழு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவன் "உண்மை நண்பா" என்றான். பதினோராவது நிமிடம் யாரோ முருங்கைக்கீரையின் நன்மைகள் என்று ஒரு படம் அனுப்பினான், என் கடிதம் மேலே போய்விட்டது.

புதன்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். பாபி கதவைத் திறந்து, "வாங்கண்ணா" என்றார். நான் உட்காராமலே சொன்னேன். வீடியோ எடுத்ததிலிருந்து மருமகன் முன்னால் நான் வாய்மூடி இருந்ததுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மேசைமேல் இருந்த உன் கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சிரிப்பு யாருதுன்னு எனக்குத் தெரியாதாண்ணா? நாப்பது வருஷமா இந்த வீட்ல சிரிச்ச சிரிப்பு. மொத நாளே தெரியும்."

"ஏன் பாபி கேக்கல?"

"கேக்கக்கூடாதுன்னாரு. 'அவனே வந்து சொல்லுவான், நீ வாயத் தொறக்காத'ன்னாரு. வாசல்ல செருப்பு சத்தம் கேட்டா எழுந்து உக்காருவாரு. நீங்க ரெண்டு தடவ வந்தீங்க. இந்த வருஷம் வெயில் ஜாஸ்தின்னு பேசிட்டுப் போனீங்க."

அவர் தொடர்ந்து சொன்னார். "தெனமும் சாப்ட்டு முடிச்சா அந்த வீடியோக்குக் கீழ எழுதியிருக்கறதெல்லாம் எடுத்து வெச்சிக்கினு படிப்பாரு. ஒவ்வொண்ணா. எல்லாம் கெட்ட கெட்ட வார்த்தைன்னு மருமவன் சொன்னாரு. வேணாங்க, போனக் குடுங்கன்னா தரமாட்டாரு. 'ஏன் புடுங்கினாருன்னு ஒருத்தனாவது கேட்டிருப்பான். அவனுக்கு மட்டும் பதில் எழுதிட்டு வெச்சுடறேன்'னுவாரு."

"யாராவது கேட்டிருந்தாங்களா?"

"எனக்கு உருதுதான் படிக்க வரும், தமிழ் வராது. ஆனா அவரு யாருக்கும் பதில் எழுதி நான் பாக்கல. சாயற வரைக்கும் போன் கைலதான் இருந்தது."

கண்ணாடிக் கூட்டை மூடி வைத்துவிட்டு, "எங்கிட்ட சொல்லி இன்னாண்ணா ஆவப்போவுது? எம்பொண்ணு மாமியார் ஊர்ல அது இன்னும் சுத்துது. தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க. உங்க மூஞ்சி தெரியற மாதிரி சொல்லுங்க" என்றார். நான் கிளம்பியபோது வாசல்வரை வந்தார். "டீ போடட்டுமான்னு கேக்க மனசு வரலண்ணா. தப்பா நெனக்காதீங்க." நான் எதை நினைப்பது. தெருமுனைவரை வந்து, அங்கே கல்யாண மண்டபச் சுவரில் கைவைத்து நின்று அழுதேன். போகிறவர்கள் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை என் வீட்டு மாடியில் நாற்காலி போட்டு, மனைவியைப் போனைப் பிடிக்கச் சொல்லி, என் முகத்தைக் காட்டிச் சொன்னேன். அந்தப் பழைய வீடியோவையும் போட்டு, அது எங்கே நின்றது, அதற்குப் பிறகு கேழ்வரகு அடை வந்தது, காலை மடியில் வைத்துக் கட்டினது, அந்தக் கால் பிறகு என்ன ஆனது எல்லாம் சொன்னேன். சம்பந்திக்கு "கொடுமை" என்று அனுப்பியதையும் சொன்னேன். எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டேன். மதியத்துக்குள் மகள் கூப்பிட்டாள். "எடுத்துடுங்கப்பா, ப்ளீஸ். இங்க வீட்ல யாரும் எங்கிட்ட பேசல." எடுக்கமாட்டேன் என்றேன். அவள் வைத்துவிட்டாள். நேற்றும் கூப்பிடவில்லை.

அது உன்னுடையதைப்போல ஊர் சுற்றவில்லை. கொஞ்சம் பேர்தான் பார்க்கிறார்கள், அவர்களிலும் பாதிப்பேர் திட்டுவதற்கு வருகிறார்கள். "பிரியாணி நல்லா இருந்துச்சா தாத்தா?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். அதற்கு நூறு பேர் சிரித்திருக்கிறார்கள். "செத்தப்புறம் எதுக்கு நடிப்பு?" என்று ஒரு பெண். ஒருவன் என் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறான். என்மேல் இரக்கம் காட்டவும் சிலர் வந்தார்கள், பெரிய மனசு ஐயா உங்களுக்கு என்கிறார்கள். அவர்களைப் படிக்கும்போதுதான் ஜாஸ்தி கூசுகிறது.

இன்று ஞாயிறு. சாப்பாடு முடிந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மனைவி வந்து போனைக் கேட்டாள், கொடுக்கவில்லை. மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருகிறேன். அந்த மனுஷன் எப்படிப்பட்டவர், அவருடைய வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று ஒருத்தனாவது கேட்டிருப்பான். அவனுக்கு மட்டும் உன்னைப் பற்றி உட்கார்ந்து முழுசாக எழுதுவேன். இதுவரை யாரும் கேட்கவில்லைடா. கீழே இன்னும் கொஞ்சம் இருக்கிறது, படிக்கிறேன்.